தூண் பாறையும் துடைக்காத லென்ஸும்

கொடைக்கானல் ஒருநாள் சுற்றுலாவோடு செல்போனில் படம் எடுக்கும் பயிற்சியும் சேரும்போது, வேன் ஓட்டுவது, இடத்தைக் காட்டுவது, படம் எடுக்கக் கற்றுத்தருவது ஆகிய மூன்று வேலைகளும் பெரும்பாலும் ஒரே ஆள் தலையில் விழுகின்றன. ஊர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக வளைந்து வளைந்து ஏறி வருகிறவர்களில் பலருக்கு அந்த நேரத்தில் செல்போனைவிட எலுமிச்சம்பழமே அதிகம் தேவைப்படும். எனவே பாடம் வெள்ளி நீர்வீழ்ச்சியில்தான் தொடங்குகிறது.

சாலையோரத்திலேயே விழும் இந்த அருவியில் கற்பிக்கப்படும் முதல் பாடம், லென்ஸைத் துடைப்பது. பஜ்ஜி தின்ற விரல் லென்ஸில் பட்டால் வெளிச்சம் சிதறி, படம் முழுக்க ஒரு புகைப்படலம் படரும். பல லட்சம் படங்கள் இந்த ஒரு காரணத்தால் கெட்டிருக்கும் என்று தாராளமாக ஊகிக்கலாம். இரண்டாவது பாடத்தைக் குரங்குகள் நடத்துகின்றன. அவற்றுக்குப் போன் வேண்டாம், மக்காச்சோளம்தான் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒரே கையில் பிடித்திருப்பவருக்கு அந்த வேறுபாட்டால் பெரிய ஆறுதல் கிடைப்பதில்லை.

அடுத்தது கட்டக்கோடு. போன் அமைப்பில் ‘கிரிட்’ என்பதை இயக்கினால் திரை ஒன்பது கட்டமாகப் பிரியும். ஆளை நட்டநடுவில் நிறுத்தாமல் ஒரு பக்கக் கோட்டில் நிறுத்தினால் மலைக்கும் இடம் கிடைக்கும். விதி எளிது, அமல்படுத்துவதுதான் கடினம். தமிழ்க் குடும்பப் படத்தில் பெரியவர் நடுவில் நிற்பார், அல்லது உட்காருவார். அவரை ஓரமாகப் போகச் சொல்லும் துணிவு எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை. ஆகவே மலைதான் ஓரமாகப் போகிறது.

ஓரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அகலக்கோண லென்ஸ் விளிம்பில் நிற்பவரைப் பக்கவாட்டில் இழுத்துக் காட்டும். நடுவில் ஒல்லியாகத் தெரிபவர் கோடியில் ஒரு சுற்று பருத்துவிடுவார். விவரம் தெரிந்த ஓட்டுநர் இரு கோடியிலும் சிறுவர்களையே நிறுத்துவார். புது மாப்பிள்ளையை மட்டும் கோடிக்கு அனுப்பவே மாட்டார்.

பன்னிரண்டு மைல் சாலையில் வருகிற பைன் காடு, தானாக வளர்ந்ததல்ல. வெள்ளைக்காரர்கள் காலத்தில் நட்டு வளர்த்தது. நேர்நேராக நிற்கும் மரங்களுக்கு இடையே ‘போர்ட்ரெய்ட்’ வசதி பயிற்றுவிக்கப்படுகிறது. ஆளைத் துல்லியமாகக் காட்டி, பின்னணியை மங்கலாக்குவது இதன் பணி. விடிய விடியப் பயணம் செய்து, அறை வாடகை கொடுத்து, இ-பாஸ் எடுத்து வந்து பார்த்த காட்டை ஒரே தட்டில் அழித்துவிடும் இந்த வசதிக்குத்தான் பயணிகளிடையே வரவேற்பு மிக அதிகம்.

குணா குகையில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. 1991இல் வந்த ‘குணா’ படத்தாலும், 2024இல் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தாலும் புகழ்பெற்ற இந்தக் குகைக்குள் இறங்க முடியாதபடி தடுப்பு உண்டு. வேர்களையும் பெயர்ப்பலகையையும் படம் எடுத்துக்கொண்டு, சினிமாவில் வரும் வசனத்தை ஒருமுறை கத்திவிட்டு எல்லோரும் திரும்புகிறார்கள்.

பாடத்தின் கடினமான பகுதி தூண் பாறை. சுமார் 400 அடி உயரத்தில் மூன்று பாறைகள் அருகருகே நிற்கின்றன என்பது நூல்கள் தரும் தகவல். நேரில் போனால் பல நாள்களில் தெரிவது ஒரு கம்பி வேலி, அதற்கு அப்பால் வெள்ளை. “ரெண்டு நிமிஷம் நில்லுங்க சார், இப்ப விலகிடும்” என்பார் ஓட்டுநர். மலையில் இரண்டு நிமிடம் என்பது அரை மணியிலிருந்து மறுநாள் காலை வரை நீளக்கூடிய கால அளவு.

இந்த வெள்ளை, போனையும் குழப்புகிறது. எதிரே இருப்பவற்றின் வெளிச்ச வேறுபாட்டை நம்பித்தான் போன் ஃபோகஸ் செய்கிறது. மேகத்தில் அந்த வேறுபாடு இல்லாததால் அது முன்னும் பின்னும் தேடித் தவிக்கும். பரிகாரம், வேலிக் கம்பியின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுவது. இன்னொரு கோளாறு, எந்தக் காட்சியையும் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும் போனின் பழக்கம். அதனால் வெண்மேகம் அழுக்கு வேட்டி நிறத்தில் பதிகிறது. திரையைத் தொட்டதும் தோன்றும் சிறு சூரியக் குறியை மேலே தள்ளினால் வெண்மை திரும்பும். இத்தனையும் செய்து முடித்தால் துல்லியமான, வெளிச்சம் சரியாக அமைந்த ஒரு மேகப் படம் கிடைக்கும். அதில் பாறை இருக்காது.

ஏரிக்கு அதிக நேரம் ஒதுக்கப்படுவதில்லை. 1863இல் உருவாக்கப்பட்ட இதன் கரையில் பனோரமா கற்பிக்கப்படுகிறது. போனை மெதுவாகத் திருப்பும் அந்தச் சில விநாடிகளில் எதுவும் நகரக் கூடாது. கரையில் வாடகைக் குதிரைகள் போய்க்கொண்டே இருப்பதால், ஆறு கால் குதிரையும் தலையில்லாத சைக்கிள்காரரும் படத்தில் இடம்பெறுகிறார்கள்.

மாலையில் கோக்கர்ஸ் வாக். லெப்டினன்ட் கோக்கர் 1872இல் அமைத்த, சுமார் ஒரு கிலோமீட்டர் நீள நடைபாதை இது. இங்கே எப்போதாவது ஓர் அதிசயம் நிகழும். சூரியன் முதுகுக்குப் பின்னால் தாழ்ந்து நிற்க, எதிரே பள்ளத்தில் மேகம் நிறைந்திருந்தால், பார்ப்பவரின் நிழல் மேகத்தின்மேல் விழும். நிழலின் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வட்டம் தோன்றும். ப்ரோக்கன் நிழல் என்று இதற்குப் பெயர். நீர்த்துளிகள் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், ஒருவருக்குத் தம் தலை நிழலைச் சுற்றி மட்டுமே வட்டம் தெரியும். பக்கத்தில் நிற்பவர் தலைக்கு இருக்காது. ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் நின்றால், தெய்வ அம்சம் தமக்கு மட்டுமே என்று ஐந்து பேரும் நம்ப வாய்ப்புண்டு. படம் எடுத்தால் வட்டம் போனின் நிழலைச் சுற்றி விழும். வழக்கம்போல் போனை ஓட்டுநர் கையில் கொடுத்துவிட்டு வரிசையாக நிற்கும் குடும்பத்துக்குக் கிடைப்பது, ஒளிவட்டத்தோடு ஓட்டுநரின் நிழல்.

இறங்கும் வழியில் கடைசிப் பாடம், படங்களை அனுப்புவது. வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் முழுத் தரத்தில் போகும். அப்படி வந்த படத்தைக் குடும்பக் குழுவில் யாரும் திறப்பதில்லை.