பொத்தானின் பிடிவாதம்

குளிர்பதனப் பெட்டியின் கதவோரத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் பொத்தானுக்கு, கதவு மூடியதும் அமுங்கி விளக்கை அணைப்பதும், உறைபனி தானே கரையும் ‘ஃப்ராஸ்ட் ஃப்ரீ’ வகைகள் பலவற்றில், கதவு திறந்ததும் குளிர்காற்றைப் பரப்பும் உள்விசிறியை நிறுத்துவதும் பணியாகும். அதனுள் மின்சாரத்தை இணைத்துப் பிரிக்கும் உலோகத் தகடுகளாகிய தொடுமுனைகள் கெட்டுவிட்டால், கதவை எவ்வளவு இறுக மூடினாலும் அது திறந்தே இருப்பதாகப் பொத்தான் சாதிக்க, விசிறி ஓடாமல் நின்று, மேலே ஐஸ் கெட்டியாக இருக்கும்போதே கீழ்த்தட்டில் இட்லி மாவு பொங்கிப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளத் தொடங்கும். இதற்கு வீட்டாரும் அண்டை வீட்டாரும் கூறும் காரணங்கள் பலவாயினும், ‘கேஸ் போய்விட்டது’ என்னும் தீர்ப்பு, பெட்டியைப் பார்க்காமலேயே தொலைபேசியில் வழங்கப்படுவதால், தனி மதிப்புப் பெறுகிறது. கேஸ் எனப்படும் குளிரூட்டும் வாயு மூடிய குழாய்களுக்குள் சுற்றுவது, கசிவின்றி அது எங்கும் போகாது என்பதை எவரும் கேட்பதில்லை.

கம்ப்ரசர் ஓடும் நேரத்தில் கதவைத் திறந்து, பொத்தானை விரலால் அமுக்கி, விளக்கு அணைகிறதா, விசிறியின் ஓசை எழுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. செலவில்லாதது என்பதே அதன் பெருங்குறை. ஐயம் உறுதியானால், பிளக்கைப் பிடுங்கிய பின் பொத்தானைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பி, ஒயர்கள் துளைக்குள் நழுவாமல் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். முனைகளின் எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும்.