இருபது வருஷ வண்டியும் ஆறு வருஷ ஆசையும்

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மம்சாபுரத்தில் ஒரு நடுத்தர செடான் கார் தாராளமாக இருபது வருஷம் ஓடும். ஓட விடுவார்களா என்பதுதான் சந்தேகம். ஹோண்டா சிட்டியோ, வெர்னாவோ, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கும் நாளில் "இது எத்தனை வருஷம் வரும்?" என்று விசாரித்துப் பாருங்கள். ஷோரூம்காரர் வாரண்டி எத்தனை வருஷமோ அதைச் சொல்வார். கடன் கொடுத்த பேங்குக்குத் தவணை முடிகிற வரைதான் காரின் ஆயுள். அதற்குப் பிறகு அது இருந்தால் என்ன, போனால் என்ன? ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதினைந்து வருஷம் என்று ஆர்.சி.யிலேயே எழுதிக் கொடுத்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் "டீசலா, பெட்ரோலா?" என்று கேட்பார், எதைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். நால்வரில் ஒருவர்கூட பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுவதில்லை. திறந்து பார்த்தால் வேறு கணக்கு வருகிறது. என் கட்சி இதுதான்: இன்றைய செடான் இயந்திரக் கோளாறால் சாவது அபூர்வம், சொந்தக்காரர் போடுகிற தப்புக் கணக்கால்தான் அது அல்பாயுசில் போகிறது.

"அந்தக் காலத்து வண்டி இரும்பு, இப்ப வர்றதெல்லாம் தகரம்" என்று டீக்கடை பெஞ்சில் தீர்ப்புச் சொல்கிறவர்கள் அம்பாசடரை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அம்பாசடர் 1958 முதல் 2014 வரை, ஏறக்குறைய ஒரே முகத்தோடு, கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் தயாரானது உண்மை. ஆனால் நீண்ட ஆயுள் வாய்த்தது அந்த மாடலுக்கு; தனித்தனி வண்டிகளுக்கு வாய்த்தது ஷெட்டில் நீண்ட வாசம். பாயிண்ட் தேய்ந்தது, கார்புரேட்டர் அடைத்தது, கிங்பின் ஆடுகிறது, எண்ணெய் குடிக்கிறது, புகை தள்ளுகிறது, ரீபோர் பண்ண வேண்டும் என்று மெக்கானிக்கின் பிள்ளைகளைப் படிக்கவைத்த வண்டி அது. காலையில் சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்தால் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிவிடும். ரிங்கும் சுவரும் உலோகத்தோடு உலோகம் தேயும். பழைய கார்கள் பலவற்றில் தூரம் காட்டும் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான், 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். லட்சத்தைத் தாண்டும் என்று செய்தவர்களுக்கே நம்பிக்கை இல்லை. இப்போது பெட்ரோலை கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிறது, ஆயில் தரம் கூடிவிட்டது, ஈயம் கலந்த பெட்ரோல் நாட்டை விட்டுப் போய் கால் நூற்றாண்டு ஆகிறது. அதனால்தான் மதுரைப் பக்கம் டாக்ஸியாக ஓடுகிற டொயோட்டா எட்டியோஸ் நான்கு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டினாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் ரோட்டில் ஓடும் கார், பிக்கப் போன்ற இலகு வண்டிகளின் சராசரி வயது 2025 கணக்கில் 12.8 வருஷம். சராசரியே அது என்றால் மூத்தவை எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். கிரேக்க நாட்டு டாக்ஸி டிரைவர் கிரிகோரியோஸ் சகினிடிஸ் தன் 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி செடானை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு 2004-இல் கம்பெனியின் மியூசியத்துக்கே கொடுத்தார். இன்ஜினை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் ஓட்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மம்சாபுரத்துக் குடும்பம் ஒன்று வருஷத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறது என்று வைத்தால் அந்தத் தூரத்தை எட்ட 575 வருஷம் வேண்டும். மதுரையில் நாயக்கர் ஆட்சி தொடங்குவதற்கு முன்பே சாவி வாங்கியிருக்க வேண்டும்.

அந்த எட்டாயிரம் கிலோமீட்டரில்தான் நம் ஊர் விசேஷமே இருக்கிறது. கிழக்கே வந்தால் ஸ்ரீவில்லிபுத்தூர், தெற்கே போனால் ராஜபாளையம் என்று எந்தத் திசையில் கிளம்பினாலும் பத்துக் கிலோமீட்டருக்குள் காரியம் முடிந்துவிடுகிறது. ஆண்டாளைச் சேவித்துவிட்டுப் பால்கோவா வாங்கிவர அந்தத் தூரம் போதும். இன்ஜின் ஆயில் ஒழுங்காகச் சூடேறப் போதாது. சூடேறாத இன்ஜினில் ஈரம் தங்குகிறது, சைலன்சர் உள்ளே துருப்பிடிக்கிறது, பேட்டரி ஸ்டார்ட் ஆக இழந்த கரண்ட்டைத் திரும்பப் பெறுவதற்குள் வண்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் செடான் என்றால் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் ஒன்று இருக்கும். அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, நிற்காமல் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்ட் நெரிசலில் அது நடக்காது. மாதத்துக்கு ஒருமுறை திருமங்கலம் வரை போய் வரலாம், காரணம் கேட்டால் ஃபில்டரைக் காட்டலாம். வீட்டில் நம்புவார்களா என்பது வேறு விஷயம்.

ஆக, டாக்ஸி கிலோமீட்டரால் கிழடாகிறது, வீட்டு வண்டி காலண்டரால் கிழடாகிறது. பத்து வருஷ வீட்டு வண்டியின் டயரைக் குனிந்து பாருங்கள். பட்டன் எல்லாம் அப்படியே இருக்கும், "புது டயர் மாதிரி" என்று சொந்தக்காரர் தடவிக் காட்டுவார். பக்கவாட்டில் ஒரு சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். அதைச் சுற்றி ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. தேயவில்லை, ஆனால் செத்துவிட்டது. பிரேக் ஆயில் ஓடாமலே ஈரத்தை உறிஞ்சுகிறது. கதவு ரப்பர், ஹோஸ் பைப், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் வெயிலிலேயே காய்ந்து போகின்றன. குறைவாக ஓடினால் புதுசாகவே இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்க்கலாம். ஒரே ஓனர், ஆண்டாள் நாச்சியார். வருஷத்துக்கு ஒரு நாள் ஓட்டம். நான்கு ரத வீதியைத் தாண்டிப் போனதில்லை. அதற்கே மரச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரும்புச் சக்கரம் பூட்ட வேண்டியிருந்தது. பிறகு எலி. பக்கத்து மலையில் இருக்கிற சாம்பல் நிற அணிலுக்கு அரசாங்கம் 1988-இல் சரணாலயம் அறிவித்தது. எலிக்கு யாரும் அறிவிக்கவில்லை. அது நம் பானெட்டுக்குள் தானாகவே அறிவித்துக்கொண்டது. நான்கு நாள் எடுக்காத காரில் வயரிங்கைக் கடித்து வைத்தால் டேஷ்போர்டில் இருக்கிற எல்லா விளக்கும் தீபாவளி கொண்டாடும். இத்தனைக்கும் நடுவில் நமக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம், கடற்காற்று இல்லை. தூத்துக்குடியில் பாடியைத் தின்கிற உப்பு இங்கே வருவதில்லை, மழையும் அளவோடுதான். அடித்தட்டு துருப்பிடிக்காத ஊரில் மற்றதெல்லாம் மாற்றக்கூடிய சாமான்.

அப்படியானால் ஏன் ஆறேழு வருஷத்தில் விற்கிறார்கள், பன்னிரண்டு வருஷத்தில் "ஆயுசு முடிந்தது" என்கிறார்கள்? இங்கேதான் அந்தத் தப்புக் கணக்கு. பன்னிரண்டு வருஷ செடான் ஒன்று, சந்தை விலை இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஏ.சி. கம்ப்ரஸர், கிளட்ச் செட், முன்பக்க சஸ்பென்ஷன் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ஆகும் என்று எஸ்டிமேட் வருகிறது. மெக்கானிக்கே இரக்கப்பட்டு, "அண்ணாச்சி, வண்டி விலையில மூணுல ஒரு பங்கு இதுக்கே போயிரும், தள்ளிவிட்டுட்டு வேற பாருங்க" என்கிறார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எண்பதாயிரத்தை எதோடு ஒப்பிட வேண்டும்? பழைய காரின் விலையோடு அல்ல, அதற்குப் பதிலாக வரப்போகிற காரின் செலவோடு. புது செடான் ரோட்டுக்கு வரும்போது பதினைந்து லட்சம். ஐந்து வருஷம் கழித்து விற்றால் எட்டு லட்சம் கிடைக்கிறது என்று பெரிய மனதோடு வைத்துக்கொள்ளலாம். ஏழு லட்சம் காற்றில் போயிற்று, வருஷத்துக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அந்தக் கணக்கில் எண்பதாயிரம் ரூபாய் ஏழு மாதத் தேய்மானம்தான். பன்னிரண்டு லட்சம் கடன் வாங்கி, ஒன்பது சதவீத வட்டியில் ஐந்து வருஷம் கட்டினால், மாதத் தவணை இருபத்தையாயிரத்தை ஒட்டி வரும். வட்டி மட்டுமே மூன்று லட்சத்தைத் தொடும். அதாவது பழைய வண்டியின் மொத்த விலையைவிடப் புது வண்டியின் வட்டி அதிகம். ரிப்பேருக்கு எண்பதாயிரமா என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர் இந்த மூன்று லட்சத்தைச் சிரித்த முகத்தோடு கட்டுகிறார், ஏனென்றால் அது மாதாமாதம் தானாகவே கணக்கிலிருந்து கழிகிறது. மெக்கானிக் பில்லைத்தான் கையால் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

"இந்த வருஷம் எண்பதாயிரம், அடுத்த வருஷம் இன்னொரு எண்பதாயிரம் வராதா?" என்பார்கள். வருஷா வருஷம் வந்தாலும் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அதுவும் கிளட்ச் வருஷத்துக்கு ஒன்று கேட்பதில்லை, கேட்டால் கோளாறு ஓட்டுகிறவர் இடது காலில். "பதினைந்து வருஷம் ஆனால் அரசாங்கமே உடைத்துவிடும்" என்பது அடுத்த பேச்சு. பதினைந்து வருஷ பெட்ரோல், பத்து வருஷ டீசல் என்ற கெடுபிடி டெல்லிப் பக்கத்துக் காற்று மாசுக்காக வந்தது. அங்கேயே அது 2025-இல் கோர்ட்டுக்கும் பெட்ரோல் பங்க்குக்குமாக அலைந்தது. நம் பக்கம் தனியார் காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்தால் வண்டியைக் காட்டி எஃப்.சி. எடுத்து, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொள்ளலாம். 600 ரூபாயாக இருந்த பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, இருபது வருஷம் தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆனது. வயசானவரைப் பேசாமல் போகச் சொல்கிற மரியாதையான வழிதான் இது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அரை மாதத் தவணைக்குள் அடங்கிவிடுகிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகாது என்பதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. மைலேஜ் குறையும், சில பழைய ரப்பர் பாகங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது, நிற்கிற வண்டியில் ஈரத்தை இழுக்கும். ஹோஸையும் வாஷரையும் மாற்றினால் தீர்கிற வியாதிக்கு ஆளையே எரிக்க வேண்டுமா?

சாமான் கிடைக்காது என்ற ஆட்சேபம் கனமானது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் ஐகானும் ஃபியஸ்டாவும் செய்த ஃபோர்டு 2021-இல் கடையைக் கட்டுவதாகச் சொன்னது. எஸ்.எக்ஸ்.4, லீனியா, சன்னி, வென்டோ, யாரிஸ் எல்லாம் வரிசையாகப் போய், 2025-இல் சியாஸும் போயிற்று. தனி வண்டிகள் திடமாக இருக்க, இனம் அழிந்துகொண்டிருக்கிறது. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் போன்றவற்றை வெளிக் கம்பெனிகள் செய்கின்றன, மதுரையில் கிடைக்கும். அங்கே இல்லாதது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும், எந்த வண்டியிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. உண்மையில் மாட்டிக்கொள்வது ஹெட்லைட் செட்டிலும், டச் ஸ்கிரீனிலும், கட்டைவிரல் அளவு சென்சாரிலும்தான். நாளைய செடான் இன்ஜின் நன்றாக இருக்கும்போதே ஒரு பிளாஸ்டிக் பெட்டியால் நின்றுபோகும் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அதைவிடவும் கனமான ஆட்சேபம் பாதுகாப்பு. 2019-க்கு முந்தைய வண்டிகளில், விலை குறைந்த மாடல் என்றால் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாமலே இருக்கலாம். அப்படிப்பட்ட காரை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகிற வீட்டுக்காரர் மாற்றிக்கொள்வதுதான் புத்தி. இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. சீட் பெல்ட் போடாதபோது வருகிற பீப் சத்தத்தை நிறுத்த வெறும் கிளிப்பை வாங்கிச் சொருகியிருப்பவர் ஆறு ஏர்பேக்கைக் காரணம் காட்டும்போது மட்டும்தான் நான் சிரிக்கிறேன்.

மிச்சம் இருப்பது கௌரவம். கல்யாண வீட்டு வாசலில் உயரமான எஸ்யூவிகள் நிற்க, செடான் தாழ்ந்து நிற்கிறது. ஸ்பீட் பிரேக்கரில் வயிறு வேறு உரசுகிறது. ஆறாவது வருஷம் கிளட்ச் கொஞ்சம் கனக்கிறது என்ற சாக்கு கிடைத்ததும் வண்டி விலைக்கு வருகிறது. சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒருவர் வருகிறார். பானெட்டைத் திறக்கிறார், ஆயில் குச்சியை உருவி முகர்கிறார், டயரின் நான்கு இலக்கத்தைச் சத்தமாகப் படிக்கிறார், மலை அடிவாரம் வரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறார். திரும்பி வந்து, "எல்லாம் சரி, கிளட்ச் மட்டும் போயிருச்சே அண்ணாச்சி" என்று சொல்லி விலையில் இருபதாயிரத்தைக் குறைத்துவிடுகிறார். அந்த இருபதாயிரத்துக்குப் புது கிளட்ச் போட்டு, இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டுகிறார். ஆகமொத்தம் கிளட்ச் செலவை முதல் ஓனரே செய்துவிட்டார். வண்டிதான் அவரிடம் இல்லை.