வரைவுக் குறிஞ்சி

2024 ஏப்ரல் 28ஆம் தேதி ஊட்டியில் 29 டிகிரி வெயில் அடித்தது. 1951க்குப் பிறகு அங்கே அவ்வளவு வெப்பம் பதிவானதில்லை. வேலூர்க்காரர் கேட்டால் சிரிப்பார். 29 டிகிரிக்கு அவர் போர்வை தேடுவார். ஸ்வெட்டர் விற்ற கடைத்தெருவில் மின்விசிறி விலையை விசாரிக்கும் காலம் வந்ததும் நாம் சும்மா இருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, குளுகுளுவென்று ரிசார்ட் கட்ட இடம் பார்த்தோம்.

காட்டுக்குப் பருவம் தப்பிவிட்டதாம். சித்திரைக்குப் பூக்க வேண்டிய கொன்றை மாசியிலேயே மஞ்சளைக் கொட்டித் தீர்த்துவிடுகிறது. உறைபனி சில வருஷம் தை வரை தலைகாட்டுவதில்லை. அரசு ஊழியராக இருந்திருந்தால் இந்தக் கொன்றைக்கு மெமோ கொடுத்து, விளக்கம் கேட்டு, பதில் வருவதற்குள் ஓய்வுபெற வைத்திருப்பார்கள். மரம்தானே, ரம்பம் போதும்.

நீலகிரிக்கு வந்த வெள்ளைக்காரன் சோலைகளுக்கு நடுவே விரிந்து கிடந்த புல்வெளியைப் பார்த்தான். மரம் இல்லாத இடம் அவன் கணக்கில் தரிசு. பெய்கிற மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும் புல்வெளியின் மேல், ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரத்தையும் சீகையையும் கொண்டுவந்து நட்டான். அவன் போனபின் நாம் திருந்தியிருப்போம் என்று நினைப்பவர்கள் வெள்ளந்திகள். தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயானுக்கு மரக்கூழ் வேண்டும் என்று சுதந்திர இந்தியா இன்னும் மும்முரமாக நட்டது. இப்போது அதே சீகையைப் பிடுங்குவதற்குத் திட்டம். நட்டபோதும் நிதி ஒதுக்கீடு, பிடுங்கும்போதும் நிதி ஒதுக்கீடு. இந்த ஒரு பருவம் மட்டும் தப்புவதே இல்லை.

கீழே முதுமலைப் பக்கம் உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறது. அழகுக்காகத் தோட்டத்தில் வைத்த அந்நியச் செடி காட்டுக்குள் புகுந்து புல்லை அமுக்கிவிட்டது. யானைக்கு மேய்ச்சல் போயிற்று. அந்த உண்ணிச்செடியை வெட்டி, கொதிக்க வைத்து, பட்டை உரித்து, கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து ஆணியடித்து, ஆளுயரத்தைத் தாண்டிய யானைகளைச் செய்கிறார்கள் அங்கேயுள்ள பழங்குடிக் கலைஞர்கள். 2021இல் அந்த யானைக் கூட்டம் லண்டன் பூங்காக்களில் நின்றது. செய்த கைகளைக் கும்பிடலாம். வேடிக்கை பார்க்கும் நமக்கும் இதுதான் தோதான யானை: புல் கேட்காது, வழித்தடம் கேட்காது, நெடுஞ்சாலையை மறிக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் காடு குறைந்துவிட்டது என்று யாரும் நாக்கில் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காடு மர நிழல் இருந்தால் அது வனப்பரப்பு என்கிறது இந்திய வன நிலை அறிக்கை. யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வியெல்லாம் கிடையாது. 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் நிலப்பரப்பில் காடும் மரமும் சேர்ந்து 25.17 விழுக்காடு. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டில் போட்டுக் குறட்டை விடுபவர் நடுக்காட்டில் படுத்திருக்கிறார். புலி வராதது ஒன்றுதான் குறை.

மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் காபந்து பண்ண வேண்டும் என்று 2011இல் மாதவ் காட்கில் குழு சொன்னது. ஊரே சேர்ந்து அடிக்க வந்தது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு அதைப் பேரம் பேசி 37 விழுக்காட்டுக்கு இறக்கியது. அதற்கும் அடிக்க வந்தார்கள். அப்புறம்தான் டெல்லி ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்தது: வரைவு அறிவிக்கை. நீலகிரிக் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். வரைவோ 2014, 2015, 2017, 2018, 2022, 2024 என்று பத்தாண்டில் 6 முறை பூத்தது. ஒருமுறையும் காய்க்கவில்லை. பூத்த 60 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். குவாரிக்காரர் தெரிவிப்பார், ரிசார்ட்காரர் தெரிவிப்பார், இருவருக்கும் வேண்டப்பட்ட சட்டமன்ற உறுப்பினர் மக்கள் சார்பில் கண்ணீரோடு தெரிவிப்பார். சோலைமந்தியிடமிருந்து இதுவரை மனு எதுவும் வரவில்லை என்பதால் அதற்குச் சம்மதம் என்று கொள்ளப்படும்.

ஆறாவது வரைவு வெளியான தேதி 2024 ஜூலை 31. அதற்கு முந்தைய நாள் விடியுமுன் வயநாட்டில் மலை இடிந்து முண்டக்கையையும் சூரல்மலையையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. சாலியாற்றில் உடல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அரசிதழில் 56,825 சதுர கிலோமீட்டர் சூழல் கூருணர்வுப் பகுதி மலர்ந்தது. அதில் வயநாட்டின் 13 கிராமங்களும் உண்டு. மலைக்கு மட்டும் ஆட்சேபம் சொல்ல 60 நாள் பொறுமை இல்லாமல் போயிற்று.

அதே ஜூலையில் 16ஆம் தேதி கர்நாடகத்தின் ஷிரூரில் நெடுஞ்சாலைக்காகக் குடைந்த மலை சரிந்து, ஒரு லாரியை ஓட்டுநரோடு கங்காவளி ஆற்றுக்குள் தள்ளியது. தேடித் தேடி, செப்டம்பர் 25ஆம் தேதிதான் அந்த லாரியையும் உள்ளே இருந்தவரின் எச்சத்தையும் வெளியே இழுத்தார்கள். மறுநாள், 26ஆம் தேதி, கர்நாடக அமைச்சரவை கூடியது. கஸ்தூரிரங்கன் அறிக்கை எங்களுக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தது.