வெள்ளைத் தகட்டில் ஒரு கறுப்புப் பெயர்

பெர்லினுக்குப் போனால் ஓபர்பாம் பாலத்தை ஒட்டி ஸ்ப்ரே ஆற்றங்கரையில் நிற்கும் தெருப் பலகையைப் பாருங்கள். வெள்ளைத் தகட்டில் கறுப்பெழுத்தில் 'மே ஆயிம் கரை' என்று இருக்கும். ஜெர்மனியில் ஒரு கறுப்புப் பெண், "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று யாரும் கேட்காமல் நிம்மதியாக நிற்க இதுதான் வழி. முதலில் சாக வேண்டும். பிறகு பதினான்கு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன் பிறகு தகரமாகலாம்.

2010 வரை அந்தக் கரைக்கு குரோபன் என்ற பிரபுவின் பெயர். 17ஆம் நூற்றாண்டில், இன்றைய கானாவின் கடலோரத்தில் பிராண்டன்பர்க் அரசுக்காகக் கோட்டை கட்டியவர் அவர். அந்தக் கோட்டை அடிமை வியாபாரம் பார்த்தது. ஆயிமின் தந்தை கானாக்காரர். பலகையை மாற்றினார்கள், கணக்கு நேர். இருக்கும்போது கஞ்சி ஊற்றாமல் செத்தபின் பால் தெளிப்பதில் நாம்தான் மன்னர்கள் என்று இறுமாந்திருந்தேன்.

ஆயிம் ஹாம்பர்கில் 1960இல் பிறந்தவர். கவிஞர். கறுப்பு ஜெர்மானியர் வரலாற்றை ஆய்வேடாக்க முனைந்தபோது, "இனவெறி அமெரிக்காவில் அல்லவா இருக்கிறது" என்று ஒரு பேராசிரியர் கைவிரித்ததாகச் சொல்வார்கள். நியாயம்தானே! 1937இல் ரைன்லாந்தில், பிரெஞ்சுப் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த சுமார் 400 பிள்ளைகளுக்கு ரகசியமாகக் கட்டாயக் கருத்தடை செய்தார்களே, அது ஏதோ குடும்பக் கட்டுப்பாட்டு முகாமாக இருக்கும். 1952இல் மேற்கு ஜெர்மனி நாடாளுமன்றத்தில், கறுப்பு அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்த குழந்தைகளுக்கு இந்த நாட்டுத் தட்பவெப்பம் ஒத்துக்கொள்ளாதே என்று ஓர் உறுப்பினர் உருகினார். ஜெர்மன் தாயின் வயிற்றில் பிறந்து ஜெர்மன் பனியில் உருண்டு விளையாடும் பிள்ளைகளைப் பற்றி! ஏதோ வாழைக்கன்றுக்குக் குளிர் ஆகாது என்பது போல.

1984இல் அமெரிக்கக் கவிஞர் ஓட்ரே லோர்ட் பெர்லினுக்குப் பாடம் நடத்த வந்தார். அங்கிருந்த கறுப்புப் பெண்களைத் தேடிப்பிடித்து ஒருவரோடொருவர் பேச வைத்தார். தன்னைப் போல இன்னொருத்தியைப் பார்க்காமலே வளர்ந்த பெண்கள் அவர்களில் பலர். 1986இல் 'ஃபார்பெ பெகென்னன்' என்ற நூல் வந்தது. ஆயிம், கத்தரினா ஒகுன்டோயெ, டாக்மர் ஷுல்ட்ஸ் மூவரும் தொகுத்தது. காமரூன்காரரின் மகள்களான டோரிஸ், எரிகா என்ற அக்கா தங்கை இருவரும் நாஜிக் காலத்தைக் கடந்து வந்த கதையை அதில் சொன்னார்கள். 'ஆப்ரோ-ஜெர்மானியர்' என்ற பெயரை அந்தப் பெண்கள் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். அதுவரை கிடைத்ததெல்லாம் கலப்படம், ஆக்கிரமிப்புக் குழந்தை என்ற வகையறாப் பட்டங்கள்தான். அதே காலத்தில் 'அடெஃப்ரா' என்ற பெண்கள் அமைப்பும் பிறந்தது. எந்த மருத்துவரும் எழுதித் தராத மருந்தை அவர்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிக் குடித்தார்கள்.

எல்லாருக்கும் அது போதவில்லை. மனநல மருத்துவமனை வாசம், நரம்பு நோய் என்று வந்த தீர்ப்பு எல்லாம் சேர, 1996 ஆகஸ்டில், 36 வயதில் ஆயிம் தன் உயிரை முடித்துக்கொண்டார்.

இப்போது நிலைமை தேவலாம், வரிசையில் நிற்கலாம். உளச்சிகிச்சை தொடங்க 2019இல் சராசரியாக 142 நாள் ஆனது என்று ஜெர்மன் உளச்சிகிச்சையாளர்களின் மன்றமே கணக்குச் சொன்னது. அத்தனை நாள் காத்திருந்து உள்ளே போய் உட்கார்ந்தால், "அவர்கள் அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள், உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது" என்ற அருள்வாக்கு. நோயாளியே மருத்துவருக்கு இனவெறி என்றால் என்னவென்று அரிச்சுவடியிலிருந்து பாடம் எடுக்க வேண்டும். அதற்கு ஃபீஸ் கிடையாது. பாட்டி தாங்கினாள், அம்மா தாங்கினாள், நீயும் தாங்கு. நீங்களெல்லாம் உறுதியான பெண்களாயிற்றே! நம்மூரில் இதற்குப் பூமாதேவி பட்டம்.

ஜெர்மனியின் கறுப்பின மக்களிடம் 2020இல் எடுத்த 'ஆப்ரோசென்சஸ்' கணக்கெடுப்பில், கேட்காமலே தங்கள் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள். கோயில் யானையைத் தொடக்கூடப் பாகனிடம் அனுமதி கேட்போம்.

சிரிக்காதீர்கள், நம் பக்கம் வருகிறேன். "எங்கிருந்து வந்தாய்? இல்லை, உண்மையில் எங்கிருந்து?" என்பது, நாம் "ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்டுச் சாதியை மோப்பம் பிடிப்போமே, அதே கேள்விதான். 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து இறங்கிய நம் ஈழத்துச் சனமும் அதே ரயிலில் அதே வசையை வாங்கியது. வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அடுத்த மாடிக் கறுப்புப் பெண்ணைக் 'காப்பிலி' என்றது. மகளின் கல்யாணத்துக்கு மட்டும் 'நல்ல நிறம்' தேடியது.

எங்கள் ஊரில் ஓர் ஆப்ரோ-ஏசியன் கடை இருக்கிறது. நம்மவர் கடைதான். அரிசி மூட்டைக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் நடுவே முகம் வெளுக்கும் கிரீம்களுக்குத் தனி அலமாரி. தமிழ்ப் பிள்ளையும் கானாப் பிள்ளையும் தோளோடு தோள் உரச நின்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார்கள். கல்லாவிலிருந்து அண்ணன் குரல் கொடுக்கிறார்: "ரெண்டா எடுத்தா ஒரு யூரோ குறைச்சுத் தாறன், தங்கச்சி."