இறுகிய போல்ட் நீக்கு படலம்

பழைய காரின் அடியில் துருவேறி இறுகிய போல்ட்டைக் கழற்றும் முறை பற்றித் தமிழில் தனிநூல் காணக் கிடைக்கவில்லை. தூது, உலா, பரணி எல்லாம் பாடிய முன்னோர் இதை ஏனோ விட்டுவிட்டார்கள். அக்குறை தீர இது இயற்றப்படுகிறது. நூற்பொருள், 1983 முதல் 2014 வரை செய்யப்பட்ட மாருதி 800, அதிலும் சென்னைக் கடற்காற்றில் நின்றே காலம் தள்ளியது. களம், அதன் முன் சக்கரத்து லோயர் ஆர்ம் புஷ் வழியே பாடியோடு சேரும் இடம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு உள்ளே நுழைகிறவரே இதைக் கற்கத் தக்கார்.

முதலில் பகையின் இயல்பு. இரும்பு துருவானால் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். வெட்டவெளியில் அது பொடிந்து உதிரும். போல்ட்டுக்கும் அதைத் தழுவிய குழாய்க்கும் நடுவே உதிர இடமேது? இருந்த இடத்திலேயே ஆப்பாகிவிடும். உப்பு ஈரம் மின்னோட்டத்துக்கு வழிவிட்டு இவ்வேலையை விரைவாக்கும். மெஹ்ரௌலி இரும்புத் தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டாய்த் துருவில் கரையாமல் நிற்கிறதே எனின், அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. அன்றியும் அதற்குப் புஷ் மாற்றும் தேவை எவருக்கும் நேர்ந்ததில்லை.

பகையை வெல்லச் சாமம், தானம், பேதம், தண்டம் என உபாயம் நான்கு என்பர் அரசியல் நூலோர். பட்டறை மரபு இதனின் வேறு. அங்கே தண்டத்தில் தொடங்கி, வண்டிக்காரரிடம் சாமத்தில் முடிப்பார்கள்.

சாமமாவது ஸ்பேனர். பன்னிரண்டு பட்டை பாக்ஸ் போட்டால் போல்ட்டின் தலை உருண்டுவிடும். ஆறு பட்டையே கொள்க. தலையில் 8.8 என்று பொறித்திருக்கலாம். சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை வரை அறாது, அதில் எண்பது சதவீதம் வரை நிலையாக நீண்டும் போகாது என்பது அதன் பொருள். ஸ்பேனர் பிடியில் பைப்பை நுழைத்து நெம்புவது ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழிதான். ஆயினும் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 50 கிலோ ஆள் தொங்கினால் 490 நியூட்டன் மீட்டர் திருகுவிசை. 12 மி.மீ. போல்ட்டைப் பொதுவாக இறுக்குவதோ 100-க்கும் குறைவில். உலகத்தை நகர்த்த எண்ணியவருக்குப் போல்ட் அறுந்துபோகும் கவலை இருந்திருக்காது.

நட் பெரும்பாலும் வந்துவிடும். இடர் அதன் பிறகே.

"அண்ணே, போல்ட்டு சுத்துது!"

"சுத்துதா, திரும்பி வருதா?"

"...திரும்பி வருதுண்ணே."

"அப்ப சுத்தல."

இந்த உரையாடலில்தான் சாத்திரத்தின் சாரம் அடங்கியிருக்கிறது. புஷ் என்பது ஓர் இரும்புக் குழாய், அதன் மேல் ரப்பர், அதன் மேல் இன்னொரு குழாய். போல்ட் துருவால் ஒட்டிக்கொண்டிருப்பது உட்குழாயோடு. ஸ்பேனரைத் திருப்பினால் குழாயும் கூடவே போகும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும், கையை எடுத்ததும் எல்லாம் பழையபடி வந்து நிற்கும். மரையில் வழக்கே இல்லை. மரைக்கு எண்ணெய் விடுவோர் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள்.

ஆகவே தானம் ஈண்டு பயன் குன்றும். டீசல், மண்ணெண்ணெய், பிரேக் ஆயில் எனக் கொடையாளர் பலவாறு வழங்குவர். டபிள்யூடி-40 என்னும் தெளிப்பான் 1953-இல் ராக்கெட்டின் உலோகத் தோலை நீர் தீண்டாமல் காக்கப் பிறந்தது. 40 என்பது கைகூடிய முயற்சியின் எண். இறுகியதை இளக்குவது அதன் பிறவிப் பணியன்று. எதை ஊற்றினாலும் குழாயின் இரு வாயிலும் ஊற்றி ஓர் இரவு விடுக. நடுவரை போய்ச் சேரும் என்று மட்டும் நம்பற்க.

பேதமாவது கேஸ் வெல்டிங் தீ. ஒன்றாயிருக்கும் இருவரில் ஒருவரை மட்டும் சூடேற்றுதல். 12 மி.மீ. துளையுள்ள எஃகுக் குழாய் 300 டிகிரி ஏறினால் துளை 0.04 மி.மீ. அகலும். அற்றேல், போல்ட்டும் சூடேறி உடன் பருக்காதோ எனின், பருக்கும். அது தாமதிக்கும் சில நொடியே நமக்குரிய முகூர்த்தம். மேலும் துரு இரும்பளவு விரியாது, ஆங்காங்கே வெடிக்கும். அப்போதே சுத்தியலால் அடிக்க வேண்டும். நட்டைத் திரும்ப மாட்டிப் போல்ட் முனையோடு சமமாக நிறுத்திவிட்டு அடிக்காவிடில் முனை குடைபோல் விரிந்து, வந்த வழியும் அடைபடும். குழாயைச் சுடுமுன் ரப்பர் எரியும். அந்தக் கரும்புகை நாற்றம் சட்டையில் இரண்டு சலவை வரை தங்கும். புஷ் எப்படியும் மாற்றப்படுவதே. பக்கத்திலுள்ள பிரேக் ஹோஸும் பெட்ரோல் பைப்பும் அத்தகையன அல்ல.

தண்டம் எளிது, ஆதலால் சுருங்கச் சொல்வாம். பிராக்கெட்டின் சுவருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, ஆக்ஸா பிளேடு நுழையும் இடுக்கில், இரு பக்கமும் அறுக்க. ஆர்ம் கீழே வரும். ஒட்டிய துண்டு புஷ்ஷோடு போகட்டும். பிரஸ்ஸில் அழுத்தித் தள்ளிக்கொள்ளலாம்.

புதிய போல்ட்டின் உடம்பில் கிரீஸ் தடவி ஏற்றுக. சக்கரம் தொங்கும்போதே முழுக்க இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கி நின்று சீக்கிரம் கிழியும். பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகே கடைசி இறுக்கு. பட்டறைகளில் இந்த விதி மதிய உணவு நெருங்கும்வரை கடைப்பிடிக்கப்படுகிறது.

இதுகாறும் கூறியது இடப்பக்கத்துக்கு. வலப்பக்கத்துக்கும் இதுவே.