குளிக்கிற பிள்ளைக்கு எத்தனை மில்லிமீற்றர் துணி?

சட்டவரைஞர் அவர்கள்,
சட்டவரைஞர் திணைக்களம், கொழும்பு.

ஊடாக: கிராம அலுவலர், பிரதேச செயலாளர், மாவட்டச் செயலாளர், இடையில் மேசை வைத்திருக்கும் ஏனைய அனைவரும்.

மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி,

ஊர்காவற்றுறையில் சின்னப் படக்கடை ஒன்றை வைத்துப் பிழைக்கிறவன் எழுதிக்கொள்வது. கலியாணம், சாமத்தியம், அந்தியேட்டிக்குக் கல்வெட்டுப் புத்தகம், அடையாள அட்டைப் படம் என்று என் தொழில் ஓடுகிறது. நீதவான் வேலையும் இதற்குள் அடக்கம் என்பது அண்மையில்தான் தெரியவந்தது. சம்பளம் எவ்வளவு என்று கேட்டு இதை எழுதவில்லை. வேலையை எப்படிச் செய்வது என்று கேட்டுத்தான் எழுதுகிறேன்.

தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டில் வெள்ளைக்காரன் தந்துவிட்டுப் போனது. அதற்குள் 1995 இல் 286ஏ என்றொரு பிரிவைச் சேர்த்தீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஆபாசமாகப் படமெடுப்பவன், விற்பவன், வைத்திருப்பவன் எல்லோரையும் பிடிப்பதற்கான பிரிவு. கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தப் பிரிவில் உள்ளே போகிறவனுக்காக எங்கள் தீவுகளில் ஒருத்தரும் கண்ணீர் விடமாட்டார்கள். 1998 இல் அதற்கு ஒரு வால் முளைத்தது. படம் கழுவிக் கொடுப்பவனின் கையில் பிள்ளையின் ஆபாசமான அல்லது அநாகரிகமான படம் அகப்பட்டால், அவன் உடனே கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிட்டால் அவனே குற்றவாளி. கழுவுகிறவன் என்று நீங்கள் எழுதியது என்னைத்தான். இருட்டறை போய்விட்டது, மருந்துத் தட்டுகளில் இப்போது செவ்வரத்தை நட்டிருக்கிறேன். ஆனால் பிரிவு அப்படியே இருக்கிறது.

எங்கே அநாகரிகம் தொடங்குகிறது என்பதற்கு நீங்கள் ஓர் அளவும் தரவில்லை.

அரசாங்கத்துக்கு அளந்து சொல்லத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். கடவுச்சீட்டுப் படமென்றால் 35க்கு 45 மில்லிமீற்றர். முகம் நேராக இருக்கவேண்டும், வாய் மூடியிருக்கவேண்டும், கண்ணாடியில் வெளிச்சம் தெறிக்கக்கூடாது. பல்லுத் தெரிந்தது என்பதற்காக, எழுபது வயது ஆச்சியைக் கதிரையில் இருத்தி மூன்றுதரம் எடுத்திருக்கிறேன். ஒரு கிழவியின் புன்சிரிப்பை மில்லிமீற்றர் கணக்கில் தடுக்கத் தெரிந்த அரசாங்கம், ஒரு குழந்தையின் இடுப்புக்கு வந்ததும் அளவுநாடாவைச் சுருட்டி என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டது.

போன மாதம் நெடுந்தீவிலிருந்து ஒரு பெத்தாச்சி வந்தார். காலைப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் மகளின் போன். அதில் ஒரு படம். திண்ணையில் பலகைக்கட்டை போட்டு, பெத்தாச்சி காலை நீட்டி இருக்கிறார். நீட்டிய கால்களின் மேல் குப்புறக் கிடக்கிறது துடக்குக் கழிந்த குழந்தை. முதுகில் நல்லெண்ணெய் மினுங்குகிறது. இடுப்பில் கறுப்பு அரைஞாண்கயிறு, அதைத் தவிர வேறொன்றுமில்லை. பக்கத்தில் ஆவி பறக்கும் வேப்பிலைத் தண்ணீர். வாய் முழுவதையும் திறந்து குழந்தை அழுகிறது, பெத்தாச்சி சிரிக்கிறார். எட்டுக்குப் பத்தில் ஒன்று, ரொறன்ரோவிலிருக்கும் தகப்பனுக்கு. அவன் இன்னும் பிள்ளையைக் காணவில்லை.

நான் பிரிவை மனதில் நினைத்தபடி, “ஆச்சி, உடுப்புப் போட்ட படம் ஒண்டும் இல்லையோ?” என்று கேட்டேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏன் தம்பி, நீ கோட்டுச்சூட்டோடையே குளிக்கிறனீ? கொம்மாவுக்குக் காய்ச்சல் கிடந்த கிழமை முழுக்க உன்னைக் காலிலை போட்டுக் குளிப்பாட்டினது நான்தான். அப்ப நீயும் ஒண்டும் போட்டிருக்கேல்லை.”

இந்தச் சாட்சியத்துக்குமேல் குறுக்கு விசாரணை செய்ய எனக்குத் துணிவில்லை.

பட்டணத்தில் ஒரு கடைக்காரர் சுலபமான வழி கண்டுவிட்டார். உடுப்பில்லாத படம் எந்த வயதென்றாலும் அச்சிடமாட்டாராம். வீண் வில்லங்கம் ஏன் என்கிறார். அவரைக் குறைசொல்ல முடியாது, உங்கள் பிரிவை வாசித்தால் பயந்தவனுக்கு வேறு வழி தெரியாது. ஆனால் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வெண்ணெய்ப் பானைக்குள் கை விட்டிருக்கும் கண்ணன் நாட்காட்டிக்கு அவர் பெனியன் வரையவேண்டும். சாட்டிக் கடற்கரையில் ஞாயிறு பின்னேரம் எடுக்கும் குடும்பப் படங்களில் அரைவாசி போய்விடும். நயினாதீவு நாகபூஷணி அம்மன் தேர்த்திருவிழாப் படத்தில் மேற்சட்டையோடு யாரைத் தேடுவது? வாசலிலேயே ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகிறார்கள். பெரியவர்கள் தங்கள் அந்தரங்கப் படங்களைக் கொண்டுவருவார்களோ என்று நீங்கள் கவலைப்படவேண்டாம். இந்தத் தீவில் அப்படியொரு படம் பிறின்ரருக்குள் போனால், வெளியே வருமுன் மாமியாருக்குச் செய்தி போய்விடும்.

உங்கள் பிரிவு பிறந்த அதே 1995 இல் லண்டனில் நடந்ததைக் கேட்டிருப்பீர்கள். தொலைக்காட்சியில் செய்தி வாசித்த ஜூலியா சமர்வில்லின் மகளுடைய குளியல் படங்கள் பூட்ஸ் கடைக்குக் கழுவப் போயின. கடைக்காரர் பொலிசுக்குச் சொல்ல, ஜூலியாவையும் துணைவரையும் கைது செய்தார்கள். கடைசியில் வழக்கு இல்லை, குற்றம் இல்லை, செய்தி மட்டும் ஊரெல்லாம் போய்விட்டது. 2008 இல் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துத் தம்பதி ஒன்று, விடுமுறைப் படங்களை வோல்மார்ட்டில் அச்சிடக் கொடுத்தது. அவற்றுக்குள் மூன்று பெண்பிள்ளைகளின் குளியல் படங்கள் சிலவும் இருந்தன. கடை ஊழியர் அறிவித்தார். நீதிமன்றக் கட்டளை ஏதும் இல்லாமலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்துப்போய், ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பிறகுதான் திருப்பித் தந்தார்கள். அப்படி எடுத்துப்போனது பிழை, அந்த அதிகாரிகளுக்குச் சட்ட விலக்கு இல்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது 2018 ஆகியிருந்தது. பிள்ளைகளைக் காப்பாற்றப் போன இடத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்தது, தாயில்லாத ஒரு மாதம்.

கடைக்காரன் மறுத்தால் படம் இல்லாமற் போய்விடும் என்று திணைக்களம் நினைக்கக்கூடும். அது போகாது. போனிலிருந்து கூகிளுக்கு ஏறும், அங்கே முதலில் பார்ப்பது இயந்திரம். 2022 இல் நியூயோர்க் ரைம்ஸ் எழுதியது: சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், மகனின் வீங்கிய இடத்தை வைத்தியர் பார்ப்பதற்காகப் படமெடுத்தான். இயந்திரம் அதைக் குற்றமென்று பிடித்தது. பொலிஸ் விசாரித்து அவன்மேல் குற்றமில்லை என்றது. கூகிள் கணக்கைத் திருப்பித் தரவே இல்லை. அந்தத் தகப்பன் இருந்தது பெரிய நகரத்தில். நெடுந்தீவில் இரவு பத்து மணிக்குப் பிள்ளைக்குச் சொறி கிளம்பினால் அடுத்த படகு விடியத்தான். தாய் என்ன செய்வாள்? படமெடுத்து யாழ்ப்பாணத்து வைத்தியருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவாள். நாளை அவளுடைய கணக்கும் மூடப்பட்டால், எந்தப் பொறுப்பதிகாரியிடம் போய் நிற்பது?

மனிதனை மனிதன் பார்க்கிற இடம் என் கடை மேசை. அதனால் பிள்ளைப் படத்தை மறுக்கக்கூடாது என்பது என் முடிவு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அச்சிடவும் கூடாது. பார்த்த உடனே கை நடுங்கும் படம் ஒன்று வருமானால், நான் உங்கள் பிரிவைத் தேடி நேரம் கழிக்கமாட்டேன். 1929 ஐ அழைப்பேன், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அந்த இலக்கத்தை அதற்காகத்தானே வைத்திருக்கிறது. அந்த நடுக்கத்துக்கும் உடுப்புக்கும் சம்பந்தமில்லை ஐயா. முழுக்கப் பட்டுப்பாவாடை கட்டின பிள்ளையின் படமும் நடுங்க வைக்கலாம். கொண்டுவந்தவன் பிள்ளைக்கு என்ன முறை, பிள்ளையை எப்படி நிறுத்தியிருக்கிறான், ஏன் எடுத்தான், எத்தனை கொப்பி கேட்கிறான், அது யாரிடம் போகிறது என்பதையெல்லாம் நான் பார்க்கிறேன். கெட்ட வேலை செய்கிறவன் நாலுக்கு ஆறில் இரண்டு கொப்பி தாருங்கோ என்று ஊர்காவற்றுறைச் சந்திக்கு வந்து நிற்கமாட்டான் என்பது வேறு விடயம்.

இன்னொன்று. நீங்கள் விட்டுவிட்ட இடம், எங்கள் தொழிலாட்களும் கண்டுகொள்ளாத இடம். கடை முகப்புக் கண்ணாடிக்குள் குப்புறக் கிடந்து சிரிக்கும் குழந்தைகளின் பெரிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? வெயிலில் நிறம் மங்கி, அந்தப் பிள்ளை ஓஎல் பரீட்சை எழுதப் போகும் வயதிலும் அம்மணமாகச் சந்தியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெத்தாச்சியின் படத்தை அச்சிட மறுக்கும் கடையிலேயே இதைக் கண்டிருக்கிறேன். குடும்பத்துக்குள் போகவேண்டிய படம் ஆபத்து, தெருவுக்குக் காட்டும் படம் விளம்பரம். கடைக் கணினியில் வருடக்கணக்காகக் கிடக்கும் கொப்பிகளைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. பிள்ளைக்குக் கேடு வருவதென்றால் அந்தக் கணினியால்தான் வரும், ரொறன்ரோச் சுவரில் தொங்கும் பிறேமால் அல்ல.

ஆகவே தாழ்மையுடன் வேண்டிக்கொள்வது: 286ஏக்கு இன்னொரு வால் முளைக்குமானால், அச்சிட்ட பிறகு பிள்ளையின் படத்தைக் கடைக்காரன் அழிக்கவேண்டும் என்றும், கேட்காமல் முகப்பில் மாட்டினால் தண்டம் என்றும் எழுதுங்கள். அது முடியாதென்றால், குளிக்கிற பிள்ளைக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை எத்தனை மில்லிமீற்றர் துணி வேண்டும் என்பதை மூன்று மொழியிலும் வர்த்தமானியில் போடுங்கள். துணியை அரசாங்கமே இலச்சினையோடு கூட்டுறவுக் கடைகளுக்கு அனுப்பலாம். எண்ணெய் பூசிய உடம்பில் அது நிற்குமா என்பதைப் பெத்தாச்சியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

எட்டுக்குப் பத்தை அச்சிட்டு, மட்டை வைத்துக் கடித உறைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டேன். கோப்பையும் அவர் முன்னாலேயே அழித்தேன். காசு வாங்கவில்லை, பழைய குளிப்பாட்டல் கடன் ஒன்று இருந்தது.

இப்படிக்கு,
286ஏயின் கீழ் கழுவுகிறவன்,
ஊர்காவற்றுறை.

பிரதி: பொறுப்பதிகாரி, கிட்டிய பொலிஸ் நிலையம் (அறிவிக்கவில்லை என்று பின்னர் சொல்லவேண்டாம்).