கம்பியை அறுக்கப்போற பேராண்டிக்கு அப்புச்சி சொன்னது

ஈபிக்காரன் சங்காத்தமே வேண்டாம், செக்குப் பட்டறைக்கு வேண்டிய கரண்ட்டை நானே உண்டு பண்ணிக்கறேன்னு நீ சபதம் போட்டிருக்கறதா உங்கொம்மா சொன்னா கண்ணு. ரொம்பச் சந்தோசம். நம்ம வம்சத்துல இவ்வளவு பெரிய முடிவு யாரும் எடுத்ததில்லை. உங்கப்பன் எடுத்த ஒரே பெரிய முடிவு எம் பொண்ணைக் கட்டிக்கிட்டது. அதுக்கும் செலவு பண்ணுனது நாந்தான்.

நீ குடுத்துட்டுப் போன எஸ்டிமேட்டுத் தாளைக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். சோலார் இருக்குது, காத்தாடி இருக்குது, பதினாறு பேட்டரி இருக்குது. கடைசிப் பக்கம் வந்ததும் எனக்குப் புரையேறிப்போச்சு. பட்டறைக்குள்ள கதகதப்பு உண்டாக்க ஏற்பாடு! சுவத்துக்கு ரெட்டைத் தோலு, நடுவுல பஞ்சு, மூலையில புகைக்குழாய் வெச்ச இரும்பு அடுப்பு. போன்ல எந்தப் பனி தேசத்துக்காரன் பட்டறை கட்டுனதைப் பார்த்தியோ தெரியலை, அவன் குளிருக்குப் பண்ணுன வைத்தியத்தை நெய்க்காரப்பட்டித் தோட்டத்துக்கு எழுதிக்கிட்டு வந்துட்டே. சித்திரை மாசம் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தகரக் கொட்டாய்க்குள்ள ஒரு அரை மணி நேரம் நின்னு பாரு கண்ணு. அடுப்பு வாங்கற காசு மிச்சம்.

சரி, சிரிச்சது போதும். நம்ம சீமையில பட்டறை கட்டறவன் உள்ள இருக்கற சூட்டை வெளியே துரத்தத்தான் வழி தேடோணும். கொட்டாயோட நீளம் கிழக்கு மேற்கா ஓடட்டும். அப்பத்தான் காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குட்டைச் சுவத்துல மட்டும் படும். முகட்டுல நீளத்துக்கும் ஒரு சாண் திறப்பு விட்டு, அதுக்கு மேல ஒரு சின்னக் கூரை போட்டு மூடு. மழை இறங்காது, சூடு தன்னால ஏறிப் போயிரும். தகரத்துக்கு மேல வெள்ளை அடி. பஞ்சு வெச்சே தீருவேன்னா சுவத்தை விட்டுட்டுக் கூரைக்கு அடியில வை.

ஆனா சூடு நிசமாவே வேண்டிய ஒரு எடம் உன்ற பட்டறையில இருக்குது. கொப்பரை காய வைக்கறது. அதுக்குக் கரண்ட் ஹீட்டர்னு ஒரே வரியில எழுதி முடிச்சுட்டே. அந்த ஒரு வரியில உன்ற தோட்டமே போயிரும், கணக்குப் போட்டுப் பார்ப்போமா? பச்சைத் தேங்காப் பருப்புல பாதிக்குப் பாதி தண்ணி. அது நூத்துக்கு ஆறு பங்குக்கு இறங்கோணும்; இல்லாட்டிப் பூசணம் பிடிச்சு எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். நூறு கிலோ பருப்புப் போட்டா 47 கிலோ தண்ணி ஆவியாகோணும். ஒரு கிலோ தண்ணி ஆவியாக 0.65 யூனிட். ஒரு பொட்டுச் சூடு வீணாகாட்டியும் 30 யூனிட் ஆச்சு, வீணாகறதையும் சேர்த்தா 60ன்னு வெச்சுக்க. நம்ம பக்கம் ஒரு கிலோவாட் சோலார் ஒரு நாளைக்கு நாலு, நாலரை யூனிட் குடுக்கும். அப்ப நூறு கிலோ பருப்பை ஒரே நாள்ல காய வைக்கறதுக்கு மட்டும் பதிமூணுல இருந்து பதினஞ்சு கிலோவாட் பேனல்! பேனல் மேல விழுற வெயில்ல அஞ்சுல ஒரு பங்குதான் கரண்ட்டாகும். அந்த ஒரு பங்கை ஒயர்ல கொண்டாந்து மறுபடி சூடாக்கி, வெளியே களத்துல சும்மா காய்ஞ்சிருக்கக்கூடிய தேங்காயைக் காய வைக்கறே. இதைக் கண்டுபிடிச்சவனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடலாம். நீதானே அது?

வெயிலைச் சூடாவே வாங்கிக்க சாமி. களத்துல பாலிகார்பனேட் ஷீட்டுல ஒரு கூண்டு கட்டு, கீழ கருப்புத் தரை, மேல காத்துப் போக்கி. உள்ள அம்பது, அறுபது டிகிரி வரைக்கும் ஏறும். தூசி விழாது, காக்கா கொத்தாது, திடீர்னு தூறல் போட்டா உங்காத்தா சாக்கைத் தூக்கிக்கிட்டு ஓட வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில என்ன பண்றதுன்னு கேப்பே. கேக்கோணும். நமக்கு மழையே அப்பத்தான். அந்த நாள்ல கூண்டும் தூங்கும், பேனலும் தூங்கும். அதுக்குத்தான் ஆண்டவன் தேங்காய்க்குள்ளயே விறகு வெச்சு அனுப்பியிருக்கறான். தொட்டி, அதான் கொட்டாங்குச்சி! காசரகோட்டுல 1916லயே தென்னைக்குன்னு ஆராய்ச்சிப் பண்ணை ஆரம்பிச்சாங்களே, இன்னைக்கு அது மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம். அவங்க தொட்டியை எரிச்சே கொப்பரை காய வைக்கற உலர்த்தி ஒண்ணு பண்ணி வெச்சிருக்கறாங்க. ஆயிரம் காய் கொள்ளும். தொட்டியை ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கிப் பத்த வெச்சுட்டா அஞ்சு மணி நேரத்துக்குக் கிட்டப் போக வேண்டாம். சூடு மட்டும் மேல ஏறும், புகை பருப்புல படாது. உடைச்ச காயோட தொட்டியில பாதியை எரிச்சாலே அந்தப் பருப்புக் காஞ்சுரும். மீதியைக் கரி சுடறவனுக்கு வித்துரு. நீ ஹீட்டருக்குத் தவணை கட்டலாம்னு இருந்தே; இது உனக்குக் காசு குடுக்குது.

இப்ப மோட்டாருக்கு வருவோம். வாகை மரச் செக்குக்கு 3 எச்பி மோட்டார். ஓடறப்ப மணிக்கு ரெண்டரை யூனிட்டுச் சொச்சம் திங்கும். சும்மா ஓடறது பெரிசில்லை, கிளம்பறப்ப அஞ்சாறு மடங்கு இழுக்கும். அதுவும் உரல்ல கொப்பரையைப் போட்டுட்டுச் சுவிட்சைத் தட்டுனா இன்வெர்ட்டர் கையெடுத்துக் கும்பிட்டுட்டு அணைஞ்சுரும். மூணு ஃபேஸ் மோட்டாரா வாங்கி, விஎஃப்டி பெட்டி ஒண்ணு மாட்டு. அது மோட்டாரை மெல்ல மெல்லக் கிளப்பும், வெயில் கம்மியானா வேகத்தையும் கம்மி பண்ணிக்கும்.

பேட்டரி விசயத்துலதான் உன்ற தாளு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரியில காயிதப்படி 1.8 யூனிட் நிக்கும். பாதிக்கு மேல தினமும் உறிஞ்சுனா ஆயுசு குறையும், ஆக 0.9 யூனிட். உன்ற செக்கு அதை இருபது நிமிசத்துல குடிச்சுரும். பதினாறு பேட்டரியும் சேர்ந்து ஒரு ராத்திரி அஞ்சு மணி நேரம் செக்கு ஓட்டலாம். நம்ம வெக்கைக்கு நாலஞ்சு வருசத்துல பதினாறையும் மாத்தோணும். லித்தியம் வாங்குனா இன்னும் ஆழமா உறிஞ்சலாம், நாளும் கூட வரும். விலையைக் கேட்டுட்டுச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நட. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு கண்ணு: ராத்திரி ஏன் செக்கு ஆட்டோணும்? எண்ணெய் வாங்க வர்றவன் நடுச்சாமத்துலயா வர்றான்? காலையில ஒம்பதரைக்கு வெயில் ஏறுனதும் செக்கைக் கிளப்பு, மூணு மூணரைக்கு நிறுத்து. அந்த வெயில் பூரா எண்ணெயா மாறித் தகர டின்னுல உக்காந்துக்கும். அது அமிலம் கேக்காது, தண்ணி ஊத்தச் சொல்லாது, நாலு வருசத்துல சாகாது. 2019ல மத்திய சர்க்கார் கொண்டாந்த குசும் திட்டத்துல குடுக்கற சோலார் மோட்டாரைப் பாரு. அதுல பேட்டரியே கிடையாது. வெயில் இருக்கறப்பத் தண்ணியை ஏத்தித் தொட்டியில நிறைச்சு வெச்சுக்கன்னு விட்டுட்டாங்க. படிச்சவங்கதான் அதையும் யோசிச்சிருக்கறாங்க, உன்னளவுக்குப் படிக்கலை போல.

அஞ்சு கிலோவாட் பேனல் போதும். தெற்குப் பார்த்து, பத்துப் பன்னெண்டு டிகிரி சாய்ச்சு வை. பழனி இருக்கற அட்சரேகை அவ்வளவுதான். தகரத்தோட ஒட்டி அறையாதே, கீழ காத்துப் போக ஒரு சாண் இடம் விடு. பேனல் சூடு 25 டிகிரிக்கு மேல ஏற ஏற ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் கரண்ட் குறையும். சித்திரையில பேனலைத் தொட்டா கை பொத்துப்போகும், அறுபது டிகிரிக்கு மேல போயிரும். கணக்கை நீயே போட்டுக்க. அப்புறம் தென்னை. ஒரே ஒரு மட்டையோட நிழல் ஒரு பேனல்ல விழுந்தாலும் அது கூடச் சேர்ந்த மொத்த வரிசையும் சோம்பிரும். காயே விழுந்தா, அது வேற எஸ்டிமேட்டு. மரத்துல இருந்து தள்ளிப் போடு.

மயிலையும் கணக்குல சேர்த்துக்க. பழனிச் சீமையில உசரமா ஒண்ணைக் கட்டுனா அதுல மொதல்ல குடி வர்றது மயிலுதான். அது பேனல் மேல பண்ற காரியத்தை விடியக்காலம், பேனல் சூடேறறதுக்கு முன்னாடி தண்ணி விட்டுக் கழுவிரு. மத்தியானம் கொதிக்கற கண்ணாடியில பச்சைத் தண்ணி ஊத்தாதே, வெடிச்சுரும். கல்லெடுத்து மயிலை விரட்டலாம்னு மட்டும் நினைக்காதே. சட்டமும் விடாது, மலை மேல இருக்கறவரும் விடமாட்டார்.

காத்தாடியை அடிச்சுவிட்டுட்டேன், கோவிச்சுக்காதே. ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து உடுமலை, தாராபுரம் பொட்டல்ல எவ்வளவு வீசும்னு எனக்குத் தெரியும். ஆனா காத்தோட வேகம் பாதியானா கரண்ட் எட்டுல ஒரு பங்காயிரும். அறுபதடித் தென்னந்தோப்புக்கு நடுவுல முப்பதடிக் கம்பத்துல காத்தாடி வெச்சா, அது சுத்தறதை நீ பார்க்கலாம், போட்டோ எடுக்கலாம். செக்கு சுத்தாது.

கடைசியா அந்தக் கம்பி. 2012ல நம்ம ஊர்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னெண்டு மணி நேரம் கரண்ட் போனப்ப உங்கப்பன் ஈபியைத் திட்டுன திட்டு இன்னும் எங்காதுல இருக்குது. உனக்கு ரத்தத்துல வந்த கோபம், தப்பில்லை. ஆனா அறுத்துப் போடறதுக்கு முன்னாடி நிமிர்ந்து பழனி மலையைப் பாரு. 1966ல விஞ்ச் ரயில் வந்துச்சு. 2004ல ரோப் கார் வந்துச்சு. காத்து பலமா அடிச்சா ரோப் காரை நிறுத்திருவாங்க, பராமரிப்புன்னு மாசக்கணக்குல நிறுத்தறதும் உண்டு. அதெல்லாம் வந்துருச்சேன்னு எவனாவது படியை இடிச்சானா? ஐப்பசியில தொடர்ந்து மூணு நாள் மூட்டம் போட்டா உனக்குப் படி அந்தக் கம்பிதான்.

மேட்டுப்பாளையத்துக்கிட்ட ஓடந்துறைன்னு ஒரு ஊராட்சி. விறகுக் கழிவை எரிச்சு வாயுவாக்கி, 9 கிலோவாட் இயந்திரத்துல குடிதண்ணி மோட்டார் ஓட்டிப் பார்த்த கெட்டிக்காரங்க. 2006ல 1 கோடியே 55 லட்சம் ரூவாய்க்கு 350 கிலோவாட் காத்தாடி ஒண்ணு வாங்குனாங்க. ஊராட்சிக் கையிருப்பு 40 லட்சம், மீதி பேங்குக் கடன். அந்தக் காத்தாடியை எங்க நட்டாங்க சொல்லு? ஓடந்துறையில இல்லை. நம்ம மடத்துக்குளம் தாண்டி மைவாடியில, காத்து இருக்கற எடத்துல! அங்கிருந்து ஓடந்துறைக்குத் தனி ஒயரா இழுத்தாங்க? ஈபிக் கம்பியில இங்க ஊத்தி, அங்க மோந்துக்கிட்டாங்க. வருசத்துக்கு ஆறே முக்கால் லட்சம் யூனிட் வருது, ஊருக்கு நாலரை லட்சம் போதும், மிச்சத்தை ஈபிக்கே விக்கறோம்னு அப்பக் கணக்குச் சொன்னாங்க. நாட்டுல எல்லாரும் வந்து வேடிக்கை பார்த்துட்டுப் போன ஊரு அது. அவங்களே கம்பியை அறுக்கலை.

கம்பியோட சேர்த்து வெக்கறதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பியோட மட்டும் கட்டுன சாதாரண இன்வெர்ட்டர், லைன்ல கரண்ட் போனா தானும் படுத்துக்கும், மேல வெயில் கொளுத்துனாலும். கம்பத்துல ஏறியிருக்கற லைன்மேன் உசிரு போகக்கூடாதுன்னு அப்படிப் பண்ணி வெச்சிருக்கறாங்க. அதனால ஹைபிரிட் இன்வெர்ட்டரா வாங்கி, லைட்டு, ஃபேனு, தராசு, உன்ற போனு இதுக்கு மட்டும் சின்னதா ஒரு பேட்டரி வை. பட்டறைக்குத் தனி இணைப்பு எழுதிக் குடு. கிணத்து மோட்டார் லைன்ல இருந்து ஒரு கொக்கி போட்டுக்கலாமேன்னு நீ யோசிக்கறது எனக்குத் தெரியும். நானும் வயசுல யோசிச்சவன்தான். 1990ல விவசாயிக்கெல்லாம் இலவசமாக்குன கரண்ட், பயிருக்குத்தான். அதுல செக்கு ஓட்டுனா 2003ம் வருசத்து மின்சாரச் சட்டம் 126ம் பிரிவுன்னு ஒருத்தர் பைலைத் தூக்கிக்கிட்டு வருவார். அவருக்குக் காப்பித்தண்ணி போட்டுக் குடுக்கறது நானு, அபராதம் கட்டறது நீயி.

மலைமேல கம்பி எட்டாத சாளையில இருக்கறவன் தன் கரண்ட்டைத் தானே பண்ணிக்கறது நியாயம், அவனுக்கு வேற கதியில்லை. உனக்கு வாசல்லயே கம்பம் நிக்குது. பதினாறு பேட்டரி, காத்தாடி, ஹீட்டர், இரும்பு அடுப்பு நாலையும் தாள்ல அடிச்சுட்டு மறுபடி கூட்டிப் பாரு. வர்ற தொகைக்குப் பேங்குக்காரன் எந்திரிச்சு நின்னு கை குடுப்பான்.

எங்கிட்ட யோசனை கேட்டதுக்கு நான் கூலி கேக்கற ஆளில்லை. பட்டறையை மாட்டுச் சாளைக்குப் பக்கத்துல கட்டு, அவ்வளவுதான். ஒயர் நீளம் மிச்சமாகும். அந்தச் சின்னப் பேட்டரியில இருந்து ஒரு லைட்டைச் சாளைக்கும் இழுத்துரு. எனக்காகச் சொல்லலை, எருமைக்கு இருட்டுன்னா பயம். அப்புறம் மொதல்ல ஆட்டற புண்ணாக்கை வேற எவனுக்கும் வாக்குக் குடுத்துத் தொலைக்காதே. விலையெல்லாம் நமக்குள்ள எதுக்கு, சாக்கு நானே கொண்டாந்துக்கறேன்.